காது கேட்காத குழந்தை மொழி கற்பது எப்படி? குளியல் முதல் தூக்கம் வரை வீட்டிலேயே செய்ய வேண்டியவை

ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று பரிசோதனையில் தெரிந்ததும், பல வீடுகளில் சத்தமில்லாமல் ஒரு மாற்றம் நடக்கிறது. குழந்தையிடம் பேசுவது குறைந்துபோகிறது. "அவனுக்குத்தான் கேக்காதே, எதுக்குப் பேசணும்?" என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் இருந்த கொஞ்சல் மெல்ல நின்றுவிடுகிறது. தட்டு வருகிறது, வாய்க்குள் சோறு போகிறது, வாய் துடைக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

காது மெஷின் வாங்க சில வாரங்கள் ஆகலாம். ஆபரேஷன் என்றால் சில மாதங்கள் ஆகலாம். ஆனால் மொழியை இன்றைக்கே, வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். அதற்குத் தனி அறை, விலை உயர்ந்த பொம்மை எதுவும் தேவையில்லை. தினமும் செய்கிற வீட்டு வேலைகளே போதும். எப்படி என்று பார்ப்போம்.

ஏன் இவ்வளவு அவசரம்?

குழந்தையின் மூளை மொழியை வேகமாக உள்வாங்கும் காலம், பிறந்ததிலிருந்து முதல் சில ஆண்டுகள்தான். காது கேட்கும் குழந்தை, யாரும் சொல்லித்தராமலேயே மொழியைப் பிடித்துக்கொள்கிறது. அம்மா போனில் பேசுவது, பக்கத்து வீட்டு அக்கா கூப்பிடுவது, டிவி சத்தம் எல்லாமே அதற்குப் பாடம். காது கேட்காத குழந்தைக்கு இந்த 'ஓசிப் பாடம்' கிடைப்பதில்லை. நேராகப் பார்த்துச் சொன்னால்தான் அதற்குச் சேரும்.

மொழி தள்ளிப்போனால் பேச்சு மட்டும் பாதிக்கப்படுவதில்லை. யோசிப்பது, எண்ணுவது, கோபத்தையும் பயத்தையும் சொல்வது, பிறகு படிப்பது என எல்லாமே அதைச் சார்ந்துதான் வளர்கின்றன.

அதனால்தான் உலக அளவில் '1-3-6' என்ற கணக்கு பின்பற்றப்படுகிறது. 1 மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் கருவி, பயிற்சி போன்ற உதவியைத் தொடங்குதல் என்பதே அந்தக் கணக்கு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர் கிறிஸ்டின் யோஷினாகா இடானோ குழுவினர் 1998ல் வெளியிட்ட ஆய்வில், 6 மாதத்துக்குள் குறைபாடு கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகளின் மொழித்திறன், தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது.

6 மாதம் தாண்டிவிட்டதே என்று மனம் உடைய வேண்டாம். தெரிந்த நாளிலேயே ஆரம்பிப்பதுதான் முக்கியம்.

"கை தட்டினா திரும்புறானே?"

வீட்டில் பலர் செய்யும் சோதனை இது. பின்னால் நின்று கை தட்டுவார்கள், அல்லது தட்டைக் கீழே போடுவார்கள். குழந்தை திரும்பினால் "காது நல்லாத்தான் கேக்குது" என்று முடிவு செய்துவிடுவார்கள். ஆனால் குழந்தை நிழலைப் பார்த்தும் திரும்பும், தரையின் அதிர்வை உணர்ந்தும் திரும்பும். பெரிய சத்தம் மட்டும் கேட்டு, பேச்சு கேட்காத குழந்தைகளும் உண்டு.

"ஆ, ஊன்னு சத்தம் போடுதே" என்பதும் ஆதாரம் ஆகாது. காது கேட்காத குழந்தைகளும் முதல் மாதங்களில் அப்படி ஒலி எழுப்பும். பிறகு அது மெல்லக் குறைந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை இவை:

* 6 மாதம் ஆகியும் சத்தம் வரும் பக்கம் திரும்பவில்லை
* 1 வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்கவில்லை
* ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட வரவில்லை
* 2 வயதில் 'அம்மா வா', 'பால் வேணும்' போல இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை

இதில் ஒன்று இருந்தாலும் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று காத்திருக்கக் கூடாது. ஓஏஇ, பெரா ஆகிய இரண்டு சோதனைகளுமே வலியில்லாதவை. குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம்.

தெரபி ஒன்றரை மணி நேரம், வீடு 84 மணி நேரம்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, தலா 45 நிமிடம் ஸ்பீச் தெரபி என்றால் மொத்தம் ஒன்றரை மணி நேரம். இந்த வயதுக் குழந்தை ஒரு நாளில் சுமார் 12 மணி நேரம் விழித்திருக்கிறது. வாரத்துக்கு 84 மணி நேரம்.

தெரபிஸ்ட் வழி காட்டுவார். மொழி வளர்வது மீதி 80 மணி நேரத்துக்கும் மேல் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. அதற்காக வீட்டை ஸ்கூல் ஆக்க வேண்டியதில்லை. "இது என்ன? சொல்லு, சொல்லு" என்று நச்சரிக்கவும் வேண்டாம். ஒரே வேலை தினமும் ஒரே வரிசையில் நடக்கும்போது, அடுத்து என்ன வரும் என்று குழந்தைக்குத் தெரிந்திருக்கும். தெரிந்த இடத்தில்தான் புதிய சொல் சுலபமாகப் பதியும்.

முதல் பழக்கம்: பார்த்த பிறகு பேசுங்கள்

காது கேட்கும் குழந்தை பந்தைப் பார்த்துக்கொண்டே "பந்து" என்ற சொல்லைக் கேட்கும். காது கேட்காத குழந்தை கண்ணால்தான் பொருளையும் பார்க்க வேண்டும், உங்கள் முகத்தையும் கையையும் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டும் முடியாது.

அதனால் வரிசை முக்கியம். குழந்தை உங்களைப் பார்க்கும் வரை பொறுங்கள். "பந்து எங்க?" என்று சொல்லுங்கள், சைகை காட்டுங்கள். பிறகு பந்தைக் காட்டுங்கள். குழந்தை பந்தைப் பார்த்துவிட்டு மறுபடி உங்களைப் பார்க்கும். அப்போது "ஆமா, பந்து! பெரிய பந்து!" என்று சொல்லுங்கள்.

குழந்தையின் முகத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டாம். தோளில் மெல்லத் தட்டலாம், பார்வைக்குள் கையை அசைக்கலாம், அல்லது பொம்மையை உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு வரலாம். தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் மட்டத்தில், ஒரு மீட்டருக்குள் இருங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகத்தான் தெரியும்.

குளியல் நேரம்

குளிக்கும்போது காது மெஷினைக் கழற்றிவிடுவோம். அந்த நேரத்தில் கையும் முகமும்தான் மொழி. தண்ணீரைத் தொட்டுப் பார்த்து "அய்யோ, சூடு!" என்று முகத்தில் காட்டுங்கள். பச்சைத் தண்ணீர் கலந்த பிறகு "இப்ப சரியா?" என்று கேளுங்கள். குழந்தையும் தொட்டுப் பார்க்கட்டும். 'சூடு' என்ற சொல் அட்டையில் இருக்கும் படத்தைவிட இங்கே நன்றாகப் புரியும்.

சோப்பு போடும் முன் "கை எங்க?" என்று கேட்டு நிறுத்துங்கள். ஐந்து, பத்து விநாடி காத்திருங்கள். குழந்தை கையை நீட்டினால் அதுவே பதில். இந்தக் காத்திருப்பைத்தான் பெரியவர்கள் அடிக்கடி மறக்கிறார்கள்.

சாப்பாட்டு நேரம்

சோறு பிசைந்து நேராக வாயில் கொடுத்துவிட்டால் குழந்தைக்குக் கேட்க வேண்டிய அவசியமே வராது. தேர்வு கொடுங்கள். ஒரு கையில் வாழைப்பழம், ஒரு கையில் பிஸ்கட். "பழமா? பிஸ்கட்டா?" குழந்தை கை காட்டியதும் கொடுத்துவிடாமல், "பழம் வேணுமா? இந்தா, பழம்" என்று சொல்லிக் கொடுங்கள்.

குழந்தை "த்தி" என்றோ, தண்ணீர் சைகையோ காட்டினால், அதை ஒரு படி வளர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். "தண்ணி வேணுமா? அம்மா தண்ணி எடுத்துட்டு வரேன்." 'தப்பு, ஒழுங்கா சொல்லு' என்று திருத்த வேண்டாம். சரியான வடிவத்தைக் கேட்டும் பார்த்தும் குழந்தை தானே பிடித்துக்கொள்ளும்.

மெஷின் போட்ட குழந்தைக்குச் சமையலறை நல்ல பயிற்சிக் களம். குக்கர் விசில் அடித்ததும் காதைத் தொட்டுக் காட்டி "கேட்டுச்சா? விசில்!" என்று சொல்லி அடுப்பைக் காட்டுங்கள். ஆனால் மிக்ஸி, கிரைண்டர் ஓடும்போது பேச்சுப் பயிற்சி வேண்டாம். கருவி அந்தச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். பேசும் நேரத்தில் டிவியையும் நிறுத்திவிடுங்கள்.

கடை, துணி, வாசல்

காய்கறிக் கடையிலிருந்து வந்ததும் பையைக் குழந்தை முன்னால் கொட்டுங்கள். தக்காளி, கத்திரிக்காய், முருங்கைக்காய். ஒவ்வொன்றையும் எடுத்து, முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, பெயர் சொல்லிக் கூடையில் போடச் சொல்லுங்கள். பெரியது, சின்னது, சிவப்பு, பச்சை எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

துணி மடிக்கும்போது "இது யாரோடது? அப்பாவோடதா? பாப்பாவோடதா?" என்று கேளுங்கள். 'யாருடையது' என்ற கருத்தைப் பாடமாகச் சொல்லித்தருவது கஷ்டம். சட்டையைக் கையில் வைத்திருக்கும்போது சுலபம்.

இன்னொன்றும் முக்கியம். அப்பா வேலைக்குக் கிளம்புவதும், அம்மா கடைக்குப் போவதும் காது கேட்கும் குழந்தைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். காது கேட்காத குழந்தைக்கு அம்மா திடீரென்று காணாமல் போய்விடுகிறார். "பிடிவாதம் ஜாஸ்தி, எதுக்கெடுத்தாலும் அழறான்" என்று சொல்லப்படும் பல குழந்தைகளுக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டு ஆட்கள், கடை, ஆஸ்பத்திரி, பாட்டி வீடு ஆகியவற்றின் போட்டோக்களை எடுத்துச் சுவரில் குழந்தையின் உயரத்தில் ஒட்டுங்கள். வெளியே கிளம்பும் முன் அந்தப் படத்தைத் தொட்டு, "பாட்டி வீட்டுக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கதையும் தூக்கமும்

காது கேட்கும் குழந்தையை மடியில் உட்கார வைத்துக் கதை சொல்வோம். காது கேட்காத குழந்தைக்கு அப்படி உட்கார்ந்தால் உங்கள் முகம் தெரியாது. எதிரே உட்காருங்கள். புத்தகத்தை உங்கள் மார்புக்கு முன்னால் பிடியுங்கள். முதலில் குழந்தை படத்தைப் பார்க்கட்டும். நிமிர்ந்து உங்களைப் பார்த்ததும் சொல்லுங்கள். ஒரே புத்தகத்தை முப்பது தடவை கேட்டாலும் சலிக்காமல் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வருவதுதான் பதியும்.

விளக்கை அணைத்ததும் காது கேட்காத குழந்தைக்குப் பேச்சும் அணைந்துவிடுகிறது. இருட்டில் அது அதிகம் பயப்பட இதுவும் ஒரு காரணம். "தூங்கலாம், நாளைக்கு விளையாடலாம், அம்மா இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிய பிறகு விளக்கை அணையுங்கள். சின்ன இரவு விளக்கு இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டில் பேசும் தமிழே போதும்

'தண்ணீர் அருந்துகிறாயா?' என்று யாரும் வீட்டில் கேட்பதில்லை. "தண்ணி குடிக்கிறியா?" என்றே கேளுங்கள். ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னால் வாயசைவு மாறிப்போகும். கத்திப் பேசினால் முகம் கோபமாகத் தெரியும், கருவி வழியாக ஒலியும் சிதறும். இயல்பான வேகம், இயல்பான சத்தம், முழுச் சொற்றொடர் போதும்.

உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்ளும் என்றும் நம்ப வேண்டாம். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'பாடு', 'மாடு' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். அதனால் உதட்டசைவோடு பொருள், கை, முகபாவம், கருவி வழியாக வரும் ஒலி எல்லாம் சேர வேண்டும்.

சைகை மொழி கற்றால் பேச்சு வராதா?

பெற்றோரின் பெரிய பயம் இதுதான். சைகை மொழி கற்பதால் பேச்சு நின்றுவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கருவி போட்ட குழந்தைக்கு எதை எவ்வளவு கொடுப்பது என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கேட்டுப் பேசும் பயிற்சியை மட்டும் வலியுறுத்துபவர்களும் உண்டு, இரண்டையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் மொழியே இல்லாமல் குழந்தை காத்திருக்கக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

சைகை மொழி வெறும் ஜாடை அல்ல. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. காது கேளாத பெற்றோரிடம் சைகை மொழியைப் பார்த்து வளரும் குழந்தைகள், மற்றக் குழந்தைகள் 'பப்பா, மம்மா' என்று மழலை பேசுவதுபோலக் கையால் மழலை பேசுவதை 1991ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு பதிவு செய்தது. மொழி காது வழியாகவும் வரலாம், கண் வழியாகவும் வரலாம்.

டெல்லியில் 2015ல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 10,000 சொற்கள் கொண்ட வீடியோ அகராதியை உருவாக்கியுள்ளது. செல்போனிலேயே பார்க்கலாம். பால், தண்ணீர், வா, போதும், இன்னும் வேணும், வலிக்குது, தூக்கம், அம்மா, அப்பா, எங்கே ஆகிய பத்தில் தொடங்கலாம். வாய்ப்பு இருந்தால், காது கேளாத பெரியவர்களோடு குழந்தையைப் பழக விடுங்கள். தன்னைப் போன்றவர்கள் வேலை பார்ப்பதையும் குடும்பம் நடத்துவதையும் பார்ப்பது குழந்தையைவிடப் பெற்றோருக்குத் தைரியம் தரும்.

காது மெஷின் போட்டிருந்தால்

கருவியை விழித்திருக்கும் நேரம் முழுவதும் போட வேண்டும். குளியலுக்கும் தூக்கத்துக்கும் மட்டும் கழற்றலாம். "விசேஷத்துக்குப் போகும்போது வேண்டாம், நாலு பேர் கேப்பாங்க" என்று கழற்றினால் அந்த நேரத்தின் மொழி போய்விடும்.

தினமும் காலையில் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். வாயசைவு தெரியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். 'லிங்' சோதனை என்று இதற்குப் பெயர். பேச்சில் வரும் தடித்த ஒலி முதல் மெல்லிய ஒலி வரை இதில் அடங்கிவிடும். சின்னக் குழந்தை கண்ணை விரிக்கும், திரும்பும். கொஞ்சம் வளர்ந்ததும், கேட்டவுடன் டப்பாவில் ஒரு கட்டையைப் போடப் பழக்கலாம். நேற்று கேட்ட ஒலி இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரியையும் கருவியையும் பாருங்கள். சளி, காதுவலி இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

* கருவி 'கீ' என்று விசிலடித்தால், காதுக்குள் பொருந்தும் அச்சு சிறிதாகிவிட்டிருக்கலாம். குழந்தை வளரும் வயதில் இதை அடிக்கடி மாற்ற வேண்டிவரும்.
* நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் கருவி ஈரமாகும். இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள்.
* பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வாந்தி எடுக்க வைக்காமல், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் முடிந்தாலும் அன்றே காது கேட்காது. சில வாரங்கள் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அந்த நாள்தான் குழந்தையின் 'கேட்கும் வயது' தொடங்கும் நாள். 2 வயதுக் குழந்தையாக இருந்தாலும் கேட்பதில் அது பச்சிளம் குழந்தை. தொடர்ந்து பயிற்சி கொடுக்காவிட்டால் ஆபரேஷனின் முழுப் பலன் கிடைக்காது.

அம்மா மட்டும் போதாது

பல வீடுகளில் எல்லாப் பொறுப்பும் அம்மா தலையில் விழுகிறது. அம்மா மட்டும் குழந்தையோடு பேசக் கற்றுக்கொண்டால், வீட்டில் மற்ற எல்லோருக்கும் அவரே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவார். தாத்தாவும் பாட்டியும் அண்ணனும் தலா ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது தாத்தாவோடு, கோலம் போடுவது பாட்டியோடு, பந்து விளையாட்டு அண்ணனோடு. ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர்ச் சைகை வைத்துக்கொள்ளலாம். மூக்குத்தியைத் தொட்டால் பாட்டி, கண்ணாடி போல் காட்டினால் தாத்தா.

"யார் பக்கத்துக் குறை இது?" என்ற பேச்சு எழும் வீடுகளும் உண்டு. காது கேட்காத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள்தான். பழி போடும் நேரத்தில் குழந்தைக்குப் பத்துச் சொல் சொல்லித்தரலாம்.

முன்னேற்றம் எப்படித் தெரியும்?

வாயால் எத்தனை சொல் வருகிறது என்று மட்டும் எண்ண வேண்டாம். புரிந்துகொள்வதுதான் முதலில் வரும். ஒரு நோட்டில் மூன்று பட்டியல் எழுதுங்கள்: புரிந்த சொற்கள், சைகையில் காட்டியவை, வாயால் சொன்னவை. தேதியோடு எழுதிவைத்தால் தெரபிஸ்ட்டுக்கும் உதவும். இரண்டு மூன்று மாதம் பட்டியல் நகரவே இல்லை என்றால், "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று விடாமல் ஆடியாலஜிஸ்ட்டிடம் காட்டி, கருவியின் அளவும் பயிற்சி முறையும் சரியா என்று கேளுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

* அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பரிசோதனை செய்யலாம்.
* 2013ல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே திட்டத்தில் பிறந்தது முதல் 18 வயது வரை பரிசோதனை உண்டு. அங்கன்வாடியில் கேட்டாலே மாவட்ட இடையீட்டு மையத்துக்கு வழி சொல்வார்கள்.
* தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் செய்யப்படுகிறது. மத்திய அரசின் 'அடிப்' திட்டத்திலும் கருவி உதவி உண்டு.
* மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, உதவித்தொகை, ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.
* சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா, காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கான பள்ளி. பெற்றோரையும் சேர்த்துப் பழக்குவது இதன் முறை.
* எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரம்தான் என்றால், அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு டிவியை நிறுத்திவிட்டு, குழந்தைக்கு எதிரே உட்காருங்கள். அது உங்களைப் பார்க்கும் வரை பொறுத்திருந்து, "பசிக்குதா?" என்று கேளுங்கள்.